ஒரு மாறுதல் ஆணையும் ஒரு கட்டுக் காகிதமும்

சென்ற பகுதியில் காலராக் கிருமி வெளிவிடும் நஞ்சைக் கண்டறிந்த சம்புநாத் தேயின் கதையைப் பார்த்தோம். 1959ல் ‘நேச்சர்’ இதழில் வெளியான அவருடைய கட்டுரை, காலரா எப்படி உடலின் நீரை வற்றடிக்கிறது என்பதற்கு நேரான விடை சொன்னது. இருந்தும் இந்தியாவின் அறிவியல் கழகங்களில் ஒன்றுகூட அவரைத் தன் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழித்து, 1978ல், காலரா பற்றிய நோபல் கருத்தரங்குக்கு ஸ்வீடனிலிருந்து அழைப்பு வந்தது. அந்தப் புறக்கணிப்பு வருந்தத்தக்கதுதான். ஆனாலும் தேயின் மேசையை யாரும் பிடுங்கவில்லை. ஓய்வு பெறும் வயது வரை அவர் நோய்க்குறியியல் பேராசிரியராகவே இருந்தார். இந்தப் பகுதி அதே கல்கத்தாவில், அதே 1978ல் தொடங்கும் இன்னொரு மருத்துவரைப் பற்றியது. அவருக்கு நடந்தது வேறு வகையைச் சேர்ந்தது.

1978 அக்டோபர் 3 அன்று கல்கத்தாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூஜைக் காலம் என்பதால் துர்கா என்ற பெயரிலேயே செய்திகளில் அறியப்பட்டது. உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தையான லூயிஸ் பிரவுன் இங்கிலாந்தின் ஓல்டம் நகரில் ஜூலை 25 அன்று பிறந்திருந்தாள்; துர்கா பிறந்தது அதற்கு 70 நாள் கழித்து. கருக்குழாய் அடைபட்டிருந்த தாயிடமிருந்து கருமுட்டைகளை எடுத்து, வெளியே கருவாக்கி, எட்டு செல்களாக வளர்ந்த நிலையில் உறைய வைத்து, 53 நாள் பாதுகாத்து, பிறகு உருக்கித் தாயின் கருப்பையில் வைத்ததாக மூன்று பேர் அறிவித்தார்கள். முதலாமவர் சுபாஷ் முகோபாத்யாய். சுபாஷ் முகர்ஜி என்றும் எழுதுவார்கள். 1931ல் ஹசாரிபாகில் பிறந்தவர், மருத்துவம் படித்தவர், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1958லும் எடின்பரோவில் 1967லுமாக இரண்டு முனைவர் பட்டங்கள் பெற்ற உடலியங்கியல் அறிஞர். எடின்பரோவில் அவர் எடுத்துக்கொண்ட துறையே இனப்பெருக்க ஹார்மோன்களை அளவிடுவதுதான். இரண்டாமவர் மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா. மூன்றாமவர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் உணவுத் தொழில்நுட்பத் துறையில் இருந்த சுனித் முகர்ஜி. உயிர்ப்பொருளைச் சிதையாமல் உறைய வைக்கும் கலை அவருடையது. மருத்துவ உலகத்துக்கு வெளியேயிருந்து ஒருவரை அழைத்து வந்தது சுபாஷின் மனம் எப்படி வேலை செய்தது என்பதைக் காட்டுகிறது. தனக்குத் தெரியாதது எந்தத் துறையில் இருக்கிறதோ அங்கே போய்க் கேட்டார்.

புறக்கணிக்கப்பட்ட கண்டுபிடிப்பாளர்களின் கதைகளை நாம் வழக்கமாக ஒரே மெட்டில்தான் சொல்லி வருகிறோம். மேதை ஒருவர் புதிதாக ஒன்றைக் காண்கிறார். நிறுவனம் ஏளனம் செய்கிறது. அவர் தளராமல் உழைக்கிறார். கடைசியில் உலகம் தலைவணங்குகிறது. பள்ளிக்கூடச் சுவர்களில் எழுதத் தோதான கதை இது. இதன் அடியில் ஒரு கொடுமையான கணக்கு ஒளிந்திருக்கிறது. வென்றவர் விடாமுயற்சியால் வென்றார் என்றால், தோற்றவரிடம் விடாமுயற்சி இல்லை என்று ஆகிவிடுகிறது. சுபாஷின் வாழ்க்கையை ஓல்டம் குழுவின் வாழ்க்கையோடு வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு பிசகுவது தெரியும். இரண்டு குழுக்களுமே நிராகரிக்கப்பட்டன. இரண்டு குழுக்களுமே விடாமல் உழைத்தன. ஒன்றின் தலைவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, மற்றதன் தலைவர் ஐம்பது வயதில் இறந்துபோனார். இந்த வித்தியாசத்தை மன உறுதியை வைத்து விளக்க முடியாது. நிராகரித்த நிறுவனங்களின் கையில் என்ன அதிகாரம் இருந்தது, அதை அவை எங்கே நிறுத்திக்கொண்டன என்பதை வைத்துத்தான் விளக்க முடியும். இதுவே இந்தப் பகுதியில் நான் முன்வைக்கும் வாதம்.

முதலில் ஓல்டம். கேம்பிரிட்ஜ் உடலியங்கியல் அறிஞர் ராபர்ட் எட்வர்ட்ஸும், ஓல்டம் மகப்பேறு மருத்துவர் பேட்ரிக் ஸ்டெப்டோவும் 1960களின் இறுதியில் கைகோத்தார்கள். மனிதக் கருமுட்டையை உடலுக்கு வெளியே கருவாக்க முடியும் என்ற கட்டுரை 1969ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சிலிடம் நிதி கேட்டார்கள். கவுன்சில் மறுத்தது. முதலில் குரங்கினங்களில் செய்து பார்க்க வேண்டும் என்றது. பிறக்கும் குழந்தைக்கு ஊனம் வந்தால் யார் பொறுப்பு என்று அஞ்சியது. குழந்தை இல்லாமை என்பது பணம் செலவழிக்கும் அளவுக்குப் பெரிய பிரச்சினை என்று அது எண்ணவில்லை. இவர்கள் பத்திரிகைக்காரர்களோடு பேசுவதும் அதற்குப் பிடிக்கவில்லை. நோபல் அறிஞர்களே எதிர்த்துப் பேசினார்கள். அப்படியும் எட்வர்ட்ஸின் கேம்பிரிட்ஜ் பதவி அவரிடமே இருந்தது. ஸ்டெப்டோவின் மருத்துவமனை அவரைத் தடுக்கவில்லை. ஓல்டம் அருகே கெர்ஷா என்ற சிறு மருத்துவமனையில் அறைகள் கிடைத்தன. அமெரிக்காவிலிருந்து தனியார் ஒருவர் பணம் தந்தார். கேம்பிரிட்ஜிலிருந்து ஓல்டத்துக்குப் பல மணி நேரம் காரில் போவதும் வருவதுமாக ஆண்டுகள் கழிந்தன. 1969 முதல் 1978 வரை 282 பெண்கள் இந்த முயற்சிக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். 112 முறை கரு கருப்பையில் வைக்கப்பட்டது. ஐந்து பேர் கருவுற்றார்கள். பிறந்த குழந்தைகள் இரண்டே இரண்டு.

இந்த எண்களில் விடாமுயற்சி என்பதன் உண்மையான பொருள் அடங்கியிருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட தோல்விகளைச் சந்திக்க அவர்களுக்கு அவகாசம் இருந்தது. தோற்ற மறுநாள் காலையில் திரும்பிப் போக ஓர் அறை இருந்தது. கவுன்சில் காசு தர மறுத்ததே தவிர, அந்த அறையின் கதவைச் சாத்தும் அதிகாரம் அதனிடம் இல்லை. அறை இல்லாதவன் எத்தனை உறுதி படைத்தவனாக இருந்தாலும் நூறு முறை தோற்க முடியாது. ஒரு முறைதான் தோற்க முடியும்.

கல்கத்தாவில் நடந்தது ஓல்டத்தின் நகல் என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே சற்று நுணுக்கமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுபாஷை ஏன் நம்பவில்லை என்பதற்கான விடையும் இதற்குள்தான் இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு இயல்பாக மாதம் ஒரு முட்டைதான் முதிரும். ஹார்மோன் ஊசி போட்டால் பல முட்டைகள் கிடைக்கும். ஓல்டம் குழு அதைத்தான் முதலில் செய்தது. ஆனால் ஊசி போட்ட சுழற்சியில் கருப்பையின் உட்சுவரும் நிலைமாறிவிடுவதால், வைத்த கரு தங்குவதில்லை என்று கருதினார்கள். எனவே ஊசியைக் கைவிட்டு இயற்கைச் சுழற்சிக்குத் திரும்பினார்கள். லூயிஸ் பிரவுன் உருவானது அப்படி எடுத்த ஒற்றை முட்டையிலிருந்துதான். சுபாஷ் இந்த முடிச்சை வேறு பக்கமிருந்து அவிழ்த்தார். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுக்கும் ஹார்மோனைக் கொடுத்துப் பல முட்டைகளை வளர்ப்பது. வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப் செலுத்தாமல் பிறப்புறுப்பின் பின்சுவர் வழியாக அவற்றை எடுப்பது. உருவான கருவை அதே மாதத்தில் கருப்பையில் வைக்காமல் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது. ஊசியின் தாக்கம் தணிந்து கருப்பை தன் இயல்புக்குத் திரும்பிய பிறகு, வேறொரு சுழற்சியில் வைப்பது. முட்டை எடுக்கும் மாதத்தையும் கரு வைக்கும் மாதத்தையும் பிரித்துவிட்டால் சிக்கலே இல்லாமல் போகிறது என்பதே அவருடைய மூலச் சிந்தனை.

இன்று சென்னையிலோ ஈரோட்டிலோ ஒரு கருத்தரிப்பு மையத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சில நாட்கள் ஊசி போட்டு முட்டைகளை வளர்க்கிறார்கள். ஸ்கேன் பார்த்தபடி பிறப்புறுப்பு வழியாகவே ஊசி செலுத்தி முட்டைகளை எடுக்கிறார்கள். கருவை உறைய வைத்து அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ கருப்பையில் வைக்கிறார்கள். கருவிகள் மாறிவிட்டன. உறைய வைக்கும் முறை எவ்வளவோ செம்மைப்பட்டிருக்கிறது. வழி அதுவேதான். ஹார்மோன் ஊசி வழியே உருவான முதல் அமெரிக்கச் சோதனைக்குழாய் குழந்தை 1981 இறுதியில் பிறந்தது. உறைந்த மனிதக் கருவிலிருந்து ஒரு பெண் கருவுற்றதாக ஆஸ்திரேலியக் குழு 1983ல் அறிவித்தது. மெல்போர்னில் குழந்தை பிறந்தது 1984ல். கல்கத்தா மூவரின் உறைகரு பற்றிய சிறு அறிக்கை இந்தியக் குளிரியல் இதழில் 1978லேயே அச்சேறியிருந்தது.

அக்டோபரில் சுபாஷ் மேற்கு வங்க அரசின் சுகாதாரத் துறைக்குக் கைப்பட ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். நவம்பரில் அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. அதன் தலைவர் கதிரியக்க இயற்பியல் துறையைச் சேர்ந்தவர். மனித இனப்பெருக்க உயிரியலில் அன்றைய புது முறைகளை நேரில் அறிந்தவர் அந்தக் குழுவில் எவரும் இல்லை. குழு சுபாஷையும் அவருடைய தோழர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்டது, சொன்னதை நம்பவில்லை, நம்பத்தக்கதல்ல என்று முடிவுகட்டியது. சோதனையைத் திரும்பச் செய்து காட்ட அவருக்கு வசதி செய்து கொடுத்துப் பார்ப்போம் என்ற யோசனை அதன் தீர்ப்பில் இடம் பெறவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். ஐயப்படுவது அறிவியலின் கடமை அல்லவா? உலகமே வியந்து நிற்கும் ஒரு காரியத்தை எழுபதே நாளில், போதிய கருவிகள் இல்லாத ஓர் ஊரிலிருந்து, அதைவிட ஒரு படி மேலாகச் செய்துவிட்டேன் என்று ஒருவர் சொன்னால், எந்தக் குழுவும் புருவத்தை உயர்த்தத்தானே செய்யும்? குழந்தையின் பெற்றோரும் வெளிச்சத்துக்கு வர விரும்பவில்லை. பிள்ளை இல்லாத பெண்ணை மலடி என்று வாய்கூசாமல் அழைக்கும் சமூகத்தில் அவர்களின் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அதனால் சான்றின் ஒரு பகுதி மறைவிலேயே இருந்தது. இந்த ஆட்சேபத்தை முழுமையாக ஏற்கிறேன். ஐயப்பட்டது தவறே அல்ல. இன்னும் ஒரு படி போய்ச் சொல்வேன்: நிறுவனங்கள் தங்களிடம் வரும் புதுமைகளில் பெரும்பாலானவற்றை நிராகரித்தே ஆக வேண்டும், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை தவறானவை. நிராகரிக்கப்பட்டவர் என்ற ஒரே தகுதியால் எவரும் மேதையாகிவிட மாட்டார். ஆனால் ஐயம் வந்தால் அடுத்துச் செய்ய வேண்டியது என்ன? எலிக் கருக்களை உறைய வைத்து உயிரோடு மீட்கலாம் என்பது 1972லேயே நிறுவப்பட்டிருந்தது. ஆகவே சுபாஷ் சொன்னது இயற்கைக்கு மாறான காரியம் அல்ல, சோதித்துப் பார்க்கத்தக்க ஒரு கூற்று. அவருக்கு ஆறு மாதமும் ஓர் அறையும் ஒரு மேற்பார்வையாளரும் கொடுத்திருந்தால் பொய் என்றால் பொய் வெளிப்பட்டிருக்கும், மெய் என்றால் மெய் வெளிப்பட்டிருக்கும். குழு ஐயப்பட்டதோடு நிற்கவில்லை. ஐயத்தையே தீர்ப்பாக எழுதிவிட்டது.

அவர் அறிவியல் இதழுக்கு முன்னால் செய்தித்தாளுக்குப் போனார் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. இது ஓரளவு உண்மை. ஓல்டத்திலும் இதுதான் நடந்தது: லூயிஸ் பிரவுனின் கதையை ஒரு லண்டன் நாளிதழ் விலை கொடுத்து வாங்கியிருந்தது. ‘லான்செட்’ இதழில் எட்வர்ட்ஸும் ஸ்டெப்டோவும் எழுதிய சிறு கடிதம் குழந்தை பிறந்து இரண்டு வாரம் கழித்தே வந்தது. விவரங்கள் போதவில்லை என்று அங்கும் முணுமுணுப்பு எழுந்தது. அந்த முணுமுணுப்புக்கு விடை சொல்ல அவர்களுக்கு ஒரு மேடை கிடைத்தது. 1979 ஜனவரியில் லண்டனில் மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரியில், தங்கள் துறையையே சேர்ந்த நிபுணர்களின் முன்னால் நின்று, செய்ததை விரிவாக எடுத்துரைத்தார்கள். கிட்டத்தட்ட அதே நாட்களில் சுபாஷுக்கும் ஓர் அழைப்பு வந்தது. ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழகத்தில் குரங்கின ஆய்வு மையத்தார் தங்கள் செலவிலேயே வந்து பேசும்படி கேட்டிருந்தார்கள். அரசு ஊழியர் என்பதால் அவர் அரசிடம் அனுமதி கேட்டார். அனுமதி மறுக்கப்பட்டது. அதே ஜனவரியில் ஹைதராபாத்தில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் அவர் பேசினார். ஆனால் அவருடைய முறையைக் கேட்ட மாத்திரத்தில் எடைபோடக்கூடியவர்கள் இருந்தது கியோட்டோவில்தான். சான்று போதவில்லை என்று சொன்னவர்களே, சான்றைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய அவையின் வாசலையும் அடைத்தார்கள். இந்த இடத்தில்தான் ஐயம் என்ற சொல்லால் அவர்களை இனியும் காப்பாற்ற முடியாமல் போகிறது.

ஒழுக்கநெறி சார்ந்த ஆட்சேபம் இன்னும் கனமானது. சோதித்து முதிராத முறையை ஒரு தாயின் உடலில் செய்து பார்த்தது சரியா? இன்றைக்கு இருக்கும் நெறிக்குழுக்கள் முன் அந்தத் திட்டம் அப்படியே தேறியிருக்காது என்றே நினைக்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மனிதர் மீதான ஆய்வுக்கு முதல் கொள்கை அறிக்கையை வெளியிட்டது 1980ல். துர்கா பிறந்தபோது எழுதப்பட்ட விதி எதுவும் இல்லை. விதி இல்லாதது ஒரு முழுச் சமாதானம் ஆகாது. ஆனால் கல்கத்தாவில் அவரை நெருக்கியவர்களின் மையமான வாதம் இது அல்லவே. நீ செய்தது தகாது என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை, நீ செய்யவே இல்லை என்றார்கள்.

சுபாஷின் வேலை அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர் வேலை. நம் ஊரில் அரசு ஊழியர்களுக்கு நன்றாகப் புரியும் தண்டனை ஒன்று உண்டு. சஸ்பெண்ட் செய்ய வேண்டியதில்லை, சம்பளத்தை வெட்ட வேண்டியதில்லை, தண்ணியில்லாக் காட்டுக்கு ஒரு மாறுதல் ஆணை போதும். மாறுதலில் அவமானம் எழுத்தில் இருக்காது. நீதிமன்றத்தில் காட்டக் காயம் இருக்காது. கல்கத்தாவிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்குராவின் மருத்துவக் கல்லூரியில் சுபாஷ் ஆண்டுக்கணக்கில் பணிபுரிய வேண்டியிருந்தது. அவருடைய நோயாளிகளும் தோழர்களும் உறைகலனும் இருந்ததோ கல்கத்தாவில். இதய நோய் வந்த பிறகு கல்கத்தாவுக்கு மாற்றும்படி கேட்டுக்கொண்டார். 1981ல் கல்கத்தாவுக்கே மாற்றினார்கள். போட்ட இடம் கண் மருத்துவ நிறுவனம். பதவி, மின் உடலியங்கியல் பேராசிரியர். கருமுட்டையிலும் ஹார்மோனிலும் இருபது ஆண்டுக்கு மேல் ஊறிய மனிதருக்குக் கண்ணின் மின்னலைகளை அளக்கும் வேலை. அந்த ஆணை வந்து சில வாரங்களுக்குள் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயது 50. எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் சொல்வது முறையல்ல, இதற்கும் சொல்ல மாட்டேன். அந்த ஆணை அறிவியலுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்ல முடியும்: அவர் உயிரோடு இருந்திருந்தாலும் அவருடைய ஆய்வு அதற்குள்ளேயே முடிக்கப்பட்டிருந்தது.

மத்திய அரசோ மாநில அரசோ ஆய்வுக்கூடத்தின் உரிமையாளர், சம்பளம் தருபவர், பயண அனுமதி தருபவர், விசாரணைக் குழு அமைப்பவர் என்று எல்லாமாக இருக்கும் அமைப்பில், ஒரு நிராகரிப்பு எல்லா நிராகரிப்புகளாகவும் ஆகிவிடுகிறது. பிரிட்டனில் மருத்துவ ஆய்வுக் கவுன்சில் ஒரு கதவு. பல்கலைக்கழகம் வேறு கதவு. ஊர் மருத்துவமனை மூன்றாவது. தனியார் கொடை நான்காவது. ஒன்று சாத்தினால் இன்னொன்றைத் தட்டலாம். சுபாஷ் தட்டிய கதவுகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது ஒரே அலுவலகம். காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கட்டாயக் கருத்தடை முகாம்கள் நடந்த நெருக்கடிநிலை முடிந்து ஒன்றரை ஆண்டே ஆகியிருந்தது. நாமிருவர் நமக்கிருவர் என்று சுவரெல்லாம் எழுதிய நாட்டில், பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை தரும் ஆய்வை அவசரமானதாக யார் கருதியிருப்பார்கள்? பிரிட்டிஷ் கவுன்சிலின் மனத்திலும் இதே எண்ணம் ஓடியது என்பதை முன்பே பார்த்தோம். பிள்ளைப்பேறு இல்லாத பெண்ணின் துயரம் இரண்டு நாட்டு ஆவணங்களிலும் ஒரு நோயாகவே பதிவாகியிருக்கவில்லை.

சுபாஷ் இறந்து ஐந்து ஆண்டு கழித்து, 1986 ஆகஸ்ட் 6 அன்று, பம்பாயில் ஹர்ஷா பிறந்தாள். மருத்துவர் இந்திரா ஹிந்துஜாவும், இனப்பெருக்க ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர் டி.சி. ஆனந்தகுமாரும் சேர்ந்து செய்த சாதனை அது. இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று நாடு முழுதும் அதைக் கொண்டாடியது. முறையான பதிவுகள், வெளியீடுகள், அரசு நிறுவனத்தின் முத்திரை எல்லாம் அதற்கு இருந்தன. 1997ல் ஒரு மாநாட்டுக்காகக் கல்கத்தாவுக்கு வந்த ஆனந்தகுமாரிடம் சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகளும் கடிதங்களும் கொடுக்கப்பட்டன. மனைவி நமிதாவும் சுனித் முகர்ஜி போன்ற தோழர்களும் அந்த மனிதரின் நினைவைப் பதினாறு ஆண்டுகளாக விடாமல் காத்து வந்திருந்தார்கள். ஆனந்தகுமார் உட்கார்ந்து படித்தார். துர்காவின் பெற்றோரைச் சந்தித்துப் பேசினார். அந்த ஆண்டே ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில், இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தையைச் சாத்தியமாக்கியவர் சுபாஷ் முகர்ஜிதான், நான் அல்ல என்று எழுதினார்.

இந்தச் செயலின் எடையை அளந்து பார்க்க வேண்டும். ஆனந்தகுமார் பேசாமல் இருந்திருந்தால் யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காகிதங்கள் உண்மை என்று ஏற்றால் இழப்பு அவருக்குத்தான். சாட்சி சொல்பவர் தமக்கே நட்டம் வரும்படி சொல்லும் சாட்சியம் வழக்கில் கூடுதல் மதிப்புப் பெறும், வரலாற்றிலும் அப்படியே. 1978ன் குழுவுக்கும் அவருக்கும் இருந்த வேறுபாடு இன்னும் எளியது. அவருக்கு அந்தத் துறை தெரிந்திருந்தது. தூண்டிய சுழற்சியில் கரு ஏன் தங்காது, உறைய வைப்பது எதற்கு உதவும் என்பதெல்லாம் 1997ல் உலகம் அறிந்த செய்தி. 1978லேயே ஒருவர் அந்த வரிசையில் யோசித்து எழுதி வைத்திருப்பதைப் பார்த்ததும், அது கற்பனையாக எழுதக்கூடிய ஒன்று அல்ல என்று அவரால் உணர முடிந்தது. பொய்யர் ஒருவர் எதிர்காலத்தின் சரியான விடைகளைத் தற்செயலாக மூன்று முறை அடுத்தடுத்து ஊகிக்க மாட்டார்.

இது முழு நிரூபணமா என்று கேட்பவர்களுக்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். சோதனை திரும்பச் செய்யப்படவில்லை. இரண்டாவது குழந்தையைக் காட்ட அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஓல்டத்தின் குறிப்பேடுகளைப் போல நூற்றுக்கணக்கான முயற்சிகளின் தொடர்ச்சியான பதிவு இங்கே இல்லை. எனவே சுபாஷின் சாதனை எட்வர்ட்ஸின் சாதனையைப் போல ஐயத்துக்கு அப்பாற்பட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் குறை எப்படி வந்தது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். திரும்பச் செய்து காட்ட விடாமல் தடுத்துவிட்டு, திரும்பச் செய்து காட்டவில்லையே என்று கேட்பது வாதம் ஆகாது. கிடைக்கும் ஆவணங்கள், முறையின் உள்ளார்ந்த பொருத்தம், ஆனந்தகுமாரின் சாட்சியம் ஆகியவற்றை வைத்துப் பார்த்தால் தராசு சுபாஷின் பக்கமே சாய்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் பின்னாளில் அவருடைய பணியை ஏற்றுக்கொண்டது. 2003ல், தன் 25வது பிறந்தநாளை ஒட்டி, துர்கா தானே முன்வந்து சுபாஷைப் பற்றிப் பொதுமேடையில் பேசினார்.

வென்ற குழுவின் கதையிலும் ஒரு மறதி உண்டு; அதைச் சொல்லாமல் போனால் கணக்கு நேராகாது. ஓல்டத்தில் கருக்களைக் குடுவையில் வளர்த்துக் காத்தவர் ஜீன் பர்டி என்ற செவிலியர். அந்தச் சாதனையைக் குறிக்கும் நினைவுப் பலகையில் அவர் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று எட்வர்ட்ஸ் அதிகாரிகளுக்கு எழுதினார். அன்று அவர்கள் சேர்க்கவில்லை. பர்டி 1985ல் 39 வயதில் இறந்தார். 2010ல் நோபல் பரிசு வந்தபோது மூவரில் உயிரோடு இருந்தவர் எட்வர்ட்ஸ் ஒருவர்தான். பர்டியின் பங்கு பலகையில் இல்லாவிட்டாலும், எட்வர்ட்ஸின் கடிதங்களிலும் ஓல்டம் குறிப்பேடுகளிலும் இருந்தது. அவற்றைத் திறந்து பார்த்த பிறகே வரலாற்றாசிரியர்கள் அவரை அவருக்குரிய இடத்தில் வைத்தார்கள்.

சுபாஷையும் மீட்டது காகிதம்தான். அரசு அலுவலகத்தின் கோப்பு அவரைப் பொய்யர் என்று சொல்லி மூடிக்கொண்டது. வீட்டிலும் நண்பர்களிடமும் கிடந்த கட்டு அவரைக் காப்பாற்றியது. அந்தக் கட்டை யாராவது இடத்தை அடைக்கிறது என்று 1980களில் எடைக்குப் போட்டிருந்தால், ஆனந்தகுமாருக்குப் படிக்க எதுவும் இருந்திருக்காது, இந்தப் பகுதியும் எழுதப்பட்டிருக்காது. இந்தத் தொடரைப் படிப்பவர்களின் வீடுகளிலும் ஓய்வுபெற்ற ஒரு மருத்துவரோ, பாலிடெக்னிக் ஆசிரியரோ, மின்வாரியப் பொறியாளரோ, வேளாண் அலுவலரோ இருந்திருக்கக்கூடும். அவர்களுடைய குறிப்பேடுகளையும் திருப்பி அனுப்பப்பட்ட மனுக்களையும் மறுப்புக் கடிதங்களையும் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். எழுதியவர் பெயரையும் ஆண்டையும் மேலே குறித்து, ஒரு நல்ல உறையில் போட்டு, ஈரம் படாத இடத்தில் எடுத்து வையுங்கள்.

(தொடரும்)